ஒக்காமின் கத்தி எதை வெட்ட வந்தது?

"ஒக்காமின் சவரக்கத்தி" என்ற பெயரை எங்காவது கேட்டிருப்பீர்கள். துப்பறியும் தொடர்களில் வரும். மேலாண்மை வகுப்புகளில் வரும். யூடியூபில் சதிக் கோட்பாடுகளை உடைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்கள்: "இரண்டு விளக்கம் இருந்தால் எளிமையானதுதான் சரி." சொல்லிவிட்டு அதோடு வழக்கு முடிந்ததுபோல் நகர்ந்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டு மோட்டார் ஒருநாள் உறுமியதே தவிர ஓடவில்லை. கண்டன்சர் போயிருக்கும் என்றேன். ஒரே கோளாறு, எளிய விளக்கம். கண்டன்சரை மாற்றினோம். மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் வரவில்லை. எலெக்ட்ரீஷியன் கிணற்றுக் குழாயை மேலே இழுத்துப் பார்த்தால் ஃபுட் வால்வும் கெட்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு. அப்படியானால் 14ஆம் நூற்றாண்டுத் துறவி ஒக்காம் சொன்னது பொய்யா?

பொய் இல்லை. ஏனென்றால் அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தக் கத்தி மோட்டார் கோளாறுக்காகவோ சதிக் கோட்பாட்டுக்காகவோ தீட்டப்பட்டதல்ல. ஆயிரம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த வேறொரு வழக்கில் அது வெளியே எடுக்கப்பட்டது. கத்தி புரிய வேண்டுமானால் அந்த வழக்கு புரிய வேண்டும். மெய்யியல் வரலாற்றில் கி.பி. 3ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை உள்ள காலத்தை "இருண்ட காலம், தேவதைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் எண்ணியது தேவதைகளை மட்டுமல்ல. நாம் காலையில் சாப்பிடும் பண்டத்தை வைத்தே அந்த வழக்கைத் தொடங்கலாம்.

ஏழு இட்லியும் எட்டாவது ஒன்றும்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. தட்டில் ஏழு குழி. துணியோடு கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரித்தால் ஏழு இட்லி. ஒன்று ஓரத்தில் பிய்ந்திருக்கிறது. இன்னொன்று சப்பை. நடுக்குழியில் வெந்தது மட்டும் நன்றாக உப்பியிருக்கிறது. இருந்தாலும் அத்தனைக்கும் "இட்லி" என்றுதான் பெயர். பக்கத்து வீட்டில் வேறு மாவில் வெந்ததற்கும் அதே பெயர்தான்.

இப்போது ஒரு குழந்தைத்தனமான கேள்வி. தட்டில் எத்தனை பொருள் இருக்கின்றன? ஏழு இட்லி என்று எண்ணிவிடலாம். அந்த ஏழிலும் பொதுவாக இருக்கிறதே "இட்லி" என்ற ஒன்று, அதையும் சேர்த்து எட்டா? எட்டு என்றால் அந்த எட்டாவது எங்கே இருக்கிறது? ஏழுதான் என்றால், வெவ்வேறான ஏழு பொருள்களை ஒரே சொல்லால் அழைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இங்கே இரண்டு சொற்களை ஒருமுறை வரையறுத்துக்கொள்வோம். கையில் எடுத்துச் சட்னியில் தோய்க்கும் இந்த இட்லி, அந்த இட்லி, இவை *தனிப்பொருள்கள்*. பல தனிப்பொருள்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் "இட்லி", "மனிதன்", "வெண்மை" போன்றவை *பொதுமைகள்*. நம் பழைய தருக்க நூல்களில் பொதுமைக்குச் "சாமானியம்" என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சாமானியன்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் பொதுமை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் இதற்கு இரண்டு பதில் வந்துவிட்டது. பிளேட்டோ சொன்னது ஏறக்குறைய இட்லித் தட்டின் குழி மாதிரி. இட்லிகள் வரும், போகும். அவற்றுக்கு வடிவம் தரும் அச்சு தனியாக, மாறாமல் இருக்கும். அரிஸ்டாட்டில் அவருடைய மாணவர். அச்சு தனியாக எங்கும் இல்லை, பொதுவானது அந்தந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்றார். இங்கே குழி உவமை ஓர் இடத்தில் கிழியும், அதையும் சொல்லிவிட வேண்டும். தட்டின் குழியைக் கையால் தொடலாம், புளி போட்டுத் தேய்க்கலாம். அதுவும் ஒரு தனிப்பொருள்தான். பிளேட்டோவின் அச்சைத் தொட முடியாது. அது ஓர் இடத்தில் இல்லை, ஒரு காலத்தில் தொடங்கவும் இல்லை.

கேள்வியை எழுதிவிட்டு நழுவியவர்

பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருவரோடும் விஷயம் நின்றிருந்தால் இடைக்காலத்து மாணவர்களுக்கு இது இப்படித் தலைவலியாகி இருக்காது. தலைவலிக்குக் காரணம் ஒரு தொடக்கநிலைப் பாடப்புத்தகம்.

போர்ஃபிரி, தமிழ் விவிலியத்தில் தீரு என்று வரும் துறைமுக நகரத்துக்காரர். அது இன்றைய லெபனானில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 234இல் பிறந்து, ரோமில் ப்ளோட்டினஸ் என்ற மெய்யியலாளரிடம் படித்தவர். அரிஸ்டாட்டிலின் தருக்கத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சிறிய அறிமுக நூல் ஒன்றை எழுதினார். "ஐசகோகே" என்றால் கிரேக்கத்தில் அறிமுகம் என்றே பொருள். "விலங்கு" என்பது பேரினம், "மனிதன்" என்பது அதன் கீழ் வரும் இனம் என்று பிரித்துக் காட்டும் எளிய புத்தகம்.

அதன் தொடக்கத்தில் மூன்று கேள்விகளைப் போட்டார். பேரினமும் இனமும் உண்மையாகவே இருக்கின்றனவா, வெறும் எண்ணத்தில் மட்டும் இருப்பவையா? இருக்கின்றன என்றால் அவற்றுக்கு உடல் உண்டா, இல்லையா? உடல் இல்லை என்றால் பொருள்களை விட்டுத் தனியாக இருக்கின்றனவா, பொருள்களுக்குள் இருக்கின்றனவா? கேட்டுவிட்டு, இது மிக ஆழமான விஷயம், இதற்குப் பெரிய ஆய்வு வேண்டும், இங்கே பேசப்போவதில்லை என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வாத்தியார் கரும்பலகையில் மூன்று கேள்வியை எழுதிவிட்டு, "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று அழித்தால் வகுப்பு சும்மா இருக்குமா? அடுத்த ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்தப் புத்தகம்தான் தருக்கத்துக்கு முதல் பாடம். கிரேக்கத்திலும் அரபியிலும் லத்தீனிலும் மாணவர்கள் அதைத் திறந்த உடனே அந்த மூன்று கேள்வியில்தான் போய் முட்டினார்கள்.

பிரசாதம், குதிரை, கூத்து

மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் தெரிந்தவர்கள் அருகிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் புத்தகத்தை லத்தீனில் கொடுத்தவர் போயீத்தியஸ். ரோமின் உயர்குடிக்காரர், கி.பி. 510இல் கான்சல் பதவி வகித்தவர். பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் முழுதாக லத்தீனில் கொண்டுவந்துவிடுவது என்று திட்டம் போட்டிருந்தார். மன்னர் தியோடரிக்கின் அரசில் துரோகக் குற்றம் சுமத்திச் சிறையில் போட்டார்கள். 525ஐ ஒட்டி மரண தண்டனை. திட்டம் பாதியில் நின்றது. அவர் முடித்துவைத்த சில தருக்க நூல்கள்தான் அடுத்த ஆறு நூற்றாண்டுக்கு லத்தீன் உலகத்தின் கையில் இருந்த அரிஸ்டாட்டில்.

போர்ஃபிரி நழுவிய கேள்வியில் போயீத்தியஸ் நழுவவில்லை. பொதுமை "பொதுவாக" இருக்கிறது என்கிறோமே, எந்த மாதிரிப் பொதுவாக என்று கேட்டார். அவர் அடுக்கிய வகைகளை நம் ஊர்ப் பொருளில் சொல்கிறேன்.

கோயிலில் ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் எல்லோருக்கும் பொது. ஆனால் ஆளுக்கு ஒரு தொன்னைதான், முழு அண்டாவும் யாருக்கும் இல்லை. வீட்டில் ஒரே சைக்கிள், அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் காலையில் அண்ணன், மாலையில் தம்பி. இந்த வகைக்குப் போயீத்தியஸ் குதிரையைச் சொன்னார். தெருக்கூத்து ஊருக்கே பொது, ஒரே நேரத்தில் எல்லோரும் முழுதாகப் பார்க்கிறார்கள். ஆனால் கூத்து யாருடைய உடம்பிலும் ஒரு பாகம் ஆகிவிடுவதில்லை. போயீத்தியஸ் இதற்கு நாடக அரங்கின் காட்சியைக் காட்டினார்.

"மனிதன்" என்ற பொதுமை இந்த மூன்றிலும் சேராது. நான் முழு மனிதன், நீங்களும் முழு மனிதன். பங்கு போட்டுக்கொள்ளவில்லை. முறை வைத்துக்கொள்ளவும் இல்லை. மனிதனாக இருப்பது வெளியிலிருந்து பார்க்கும் காட்சியும் அல்ல, நாம் என்ன என்பதே அதுதான். அப்படியானால் ஒரே பொருள், ஒரே நேரத்தில், முழுதாக, பல பேருக்குள், அவர்களை ஆக்கும் சாரமாக இருக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பொருளும் அப்படி இல்லை.

அவர் காட்டிய வழி இது: மனம், சேர்ந்தே இருப்பதைப் பிரித்துப் பார்க்கும். கம்பத்தை விட்டு அதன் நேர்கோட்டை மட்டும் நினைக்கலாம். கோடு தனியாக எங்கும் நிற்பதில்லை, ஆனாலும் அப்படி நினைப்பது பொய் ஆகாது. பொதுமையும் அதுபோலப் பொருளில் இருந்து மனம் பிரித்து எடுப்பது. சொல்லிவிட்டு, பிளேட்டோ சரியா அரிஸ்டாட்டில் சரியா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

சற்று நின்று பார்ப்போம். பல பொருள்களுக்கு ஒரே பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "இருக்கிறது" என்பவர்களை *மெய்மைவாதிகள்* என்பார்கள். "தனிப்பொருள்கள் மட்டுமே இருக்கின்றன, பொதுவாக இருப்பது பெயரோ எண்ணமோதான்" என்பவர்கள் *பெயர்வாதிகள்*. இந்த இரண்டு சொல்லும் கையில் இருந்தால் மீதிக் கதைக்குப் போதும்.

வாத்தியாரை மடக்கிய மாணவன்

12ஆம் நூற்றாண்டின் தொடக்கம், பாரிஸ். பல்கலைக்கழகம் என்ற அமைப்பு இன்னும் உருவாகவில்லை. பேராலயப் பள்ளியில் ஷாம்போ ஊர்க்காரரான வில்லியம் தருக்கம் நடத்துகிறார். பிரிட்டனி பக்கத்திலிருந்து வந்த அபெலார் என்ற இளைஞன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். 1079இல் பிறந்தவன். எலுவாஸோடு அவனுக்கு இருந்த காதலும், அதற்காக அவள் உறவினர்கள் செய்வித்த கொடுமையும் பலருக்குத் தெரிந்திருக்கும். அது பிறகு நடந்தது.

வில்லியம் தீவிர மெய்மைவாதி. எல்லா மனிதருக்குள்ளும் இருப்பது ஒரே சாரம், உயரம், நிறம், மூக்கு போன்ற மேல்விவரங்களால் மட்டும்தான் ஆள் வேறுபடுகிறார் என்று நடத்தினார். அபெலார் எழுந்து கேட்டது இந்த மாதிரி: மனிதனும் விலங்கு, கழுதையும் விலங்கு. இரண்டிலும் "விலங்கு" என்பது ஒரே பொருள் என்றால், அதே பொருள் மனிதனுக்குள் பகுத்தறிவோடு இருக்கிறது, கழுதைக்குள் பகுத்தறிவு இல்லாமல் இருக்கிறது. ஒரே பொருள் ஒரே நேரத்தில் பகுத்தறிவுள்ளதும் இல்லாததுமாக எப்படி இருக்கும்?

வில்லியம் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவருடைய தருக்க வகுப்புக்கு மவுசே போய்விட்டது என்று அபெலார் எழுதிவைத்திருக்கிறார். ஜெயித்தவர் எழுதிய கதை என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கம் ரோசலின். அவரும் அபெலாரின் ஆசிரியர்தான். பொதுமை என்பது வாயிலிருந்து வரும் காற்றுதான் என்று அவர் சொன்னதாக எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். இதில் ஆபத்து எங்கே என்று தோன்றலாம். கிறிஸ்தவத்தில் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள். பொதுவானது வெறும் பெயர்தான் என்றால் மூன்று கடவுள் ஆகிவிடுமே! 1092ஐ ஒட்டி சுவாசோன் நகரில் கூடிய சபை முன் ரோசலின் நின்றது இந்தக் குற்றச்சாட்டில்தான். இலக்கண வகுப்பில் பேசுகிற விஷயம் உயிருக்கே உலை வைக்கலாம் என்ற காலம் அது.

அபெலார் எடுத்தது நடு வழி. பொதுமை பொருள் அல்ல, சொல். ஆனால் வெறும் ஓசையும் அல்ல, பொருளுணர்த்தும் சொல். அந்தச் சொல்லைப் பல பேருக்கு வைக்கக் காரணம் உண்டு. அவர்கள் எல்லோரும் "மனிதனாக இருக்கிறார்கள்". இந்த "மனிதனாக இருத்தல்" ஒரு பொருளா? இல்லை என்றார். பொருளே அல்லாதது எப்படிக் காரணமாகும் என்று கேட்பவர்களுக்கு அவர் தந்த உதாரணம் அழகானது: ஒருவனை அடிக்கிறார்கள், ஏன் என்றால் அவன் சந்தைவெளிக்குப் போக மாட்டேன் என்றான். "போக மாட்டேன் என்பது" எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் அல்ல. ஆனால் அடி நிஜம், காரணமும் அதுதான்.

ரோஜாவை வைத்து இன்னொன்று சொன்னார். உலகத்தில் ஒரு ரோஜாகூட இல்லாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது "ரோஜா" என்ற சொல் எந்தப் பூவுக்கும் பெயராக இருக்காது. ஆனால் "ரோஜாவே இல்லை" என்று சொன்னால் நமக்குப் புரியும். பெயராக இருப்பது வேறு, பொருளுணர்த்துவது வேறு. இந்தப் பிரிப்பைப் பலர் பிற்காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள்.

மோகனம் எங்கே இருக்கிறது?

அபெலாருக்குத் தெரியாத ஒரு பதில் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே கிழக்கில் எழுதப்பட்டிருந்தது. புகாராவுக்கு அருகே 980இல் பிறந்த இப்னு சீனா மருத்துவராகத்தான் நமக்குப் பரவலாகத் தெரியும். அவருடைய பெரிய மெய்யியல் நூலின் பகுதிகள் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் அரபியிலிருந்து லத்தீனுக்குப் போயின. அதில் ஒரு வரி ஐரோப்பாவைப் பல தலைமுறை யோசிக்கவைத்தது. குதிரைத்தன்மை என்பது குதிரைத்தன்மை மட்டுமே, வேறொன்றும் இல்லை என்பது அதன் சாரம்.

கேட்டதும் கேலி போலத் தோன்றும். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டால் பிடி கிடைக்கும். மோகனம் எங்கே இருக்கிறது? புல்லாங்குழலில் ஒலிக்கும்போது அங்கே இருக்கிறது. பாடகி வாய்விட்டுப் பாடாமல் மனதுக்குள் ஓட்டும்போது அவள் மனதில் இருக்கிறது. ஆனால் மோகனம் என்றால் என்ன என்று கேட்டால், "குழலில் இருப்பது" என்றோ "மனதில் இருப்பது" என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஐந்து சுரம், இப்படி ஏறும், இப்படி இறங்கும் என்பார்கள். அந்த வரையறைக்குள் குழலும் வராது, மனமும் வராது, "ஒன்று" "பல" என்ற எண்ணிக்கையும் வராது.

குதிரைத்தன்மையும் அப்படித்தான். தன்னளவில் அது ஒன்றும் அல்ல, பலவும் அல்ல. வெளியே குதிரைகளில் இருக்கும்போது பலவாகிறது. மனதில் இருக்கும்போது பொதுமை ஆகிறது. அதாவது பொதுமையாக இருப்பதே அதற்கு மனதில் வந்து சேரும் ஒரு நிலை. இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274) போன்றவர்கள் மெய்மைவாதத்தின் மிதமான வடிவத்தை எழுதியபோது இந்த யோசனை அவர்களுக்குப் பெரிய கைப்பிடியாக இருந்தது. டன்ஸ் ஸ்கோட்டஸ் (இறப்பு 1308) இன்னும் ஒரு படி போனார். பொருளுக்குள் பொதுவான இயல்பு ஒன்று உண்மையாகவே இருக்கிறது, அதோடு "இதுதான் இது" என்று ஆக்கும் தனித்தன்மை ஒன்றும் சேர்ந்திருக்கிறது என்றார். ஓர் இட்லிக்குள் இட்லித்தன்மை ஒன்று, அதை "இந்த இட்லி" ஆக்கும் தன்மை இன்னொன்று. நுட்பமான ஆள். பின்னாளில் அவருடைய ஆட்களைக் கிண்டல் செய்த பெயர்தான் ஆங்கிலத்தில் மந்தபுத்திக்காரனைக் குறிக்கும் "டன்ஸ்" ஆனது. அநியாயம்.

கத்தியோடு வந்தவர்

வில்லியம் ஒக்காம் 1287ஐ ஒட்டி, லண்டனுக்குத் தென்மேற்கே ஒக்காம் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒக்காம் என்பது ஊர்ப் பெயர்தான். பிரான்சிஸ்கன் துறவி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ஸ்கோட்டஸும் அதே துறவு சபைக்காரர் என்பதால் இது ஒரே வீட்டுச் சண்டை.

ஒக்காமின் நிலை சுருக்கமானது. உலகத்தில் இருப்பவை தனிப்பொருள்கள் மட்டுமே. பொதுமை என்று ஒரு பொருள் எங்கும் இல்லை, பொருளுக்குள்ளும் இல்லை. இதற்கு அவர் சொன்ன ஒரு வாதம் இறையியல் சாயம் பூசியது, ஆனால் எளிதாகப் புரியும். கடவுள் ஒரு மனிதனை அடியோடு இல்லாமல் ஆக்குகிறார் என்று வையுங்கள். அவனுக்குள் இருக்கும் எதுவும் மிஞ்சக் கூடாது. அவனுக்குள் இருக்கும் "மனித இயல்பு" என்னும் பொருளும் அழிய வேண்டும். அதே பொருள்தான் மற்றவர்களுக்குள்ளும் இருக்கிறது என்றால் மற்றவர்களும் சேர்ந்து அழிவார்கள். ஓர் இட்லியை முழுசாக அழித்தால் ஊரில் உள்ள இட்லி அத்தனையும் மறையுமா? மறையாது. ஆக அப்படி ஒரு பொதுப்பொருள் இல்லை.

சரி, அப்புறம் ஒரே சொல் எப்படிப் பலவற்றுக்குப் பொருந்துகிறது? எங்கள் தெருவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. வாசலில் படுத்திருக்கும் செம்பட்டை நாயைக் காட்டி அவள் அம்மா "தோ தோ" சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரம் மாடி வீட்டுப் பொமரேனியனைப் பார்த்ததும் குழந்தை தானாகவே "தோ தோ" என்றது. நிறம், உயரம், முடி எதுவும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் சரியாகப் பிடித்துவிட்டது. (ஆட்டுக்குட்டியையும் இரண்டு நாள் அப்படியே கூப்பிட்டது, அது வேறு கதை.)

ஒக்காம் இந்த இடத்தைத்தான் பார்த்தார். ஒரு நாயைப் பார்த்ததும் மனதில் ஓர் எண்ணம் உண்டாகிறது. புகை நெருப்புக்கு அடையாளம் ஆவதுபோல, அந்த எண்ணம் நாய்களுக்கு இயற்கையான அடையாளம் ஆகிறது. யாரும் கூடிப் பேசி வைத்த அடையாளம் அல்ல. "நாய்", "தோ தோ", லத்தீனின் "கனிஸ்" இவையெல்லாம் மனிதர்கள் வைத்த பெயர்கள், மொழிக்கு மொழி மாறும். அவற்றுக்கு அடியில் உள்ள எண்ணம் மாறாது. அதனால்தான் மனதுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அது தமிழும் அல்ல லத்தீனும் அல்ல என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த எண்ணமும் ஒரு தனிப்பொருள்தான். இன்ன மனதில், இன்ன நேரத்தில் நடக்கும் ஒன்று. பலவற்றைச் சுட்டுகிறது என்பதால் மட்டும் அது பொதுமை. கடையில் தொங்கும் ஒரே ஒரு பலகை "எல்லாப் புடவையும் 500 ரூபாய்" என்று சொல்வதுபோல. பலகை ஒன்றுதான், சுட்டுவது அடுக்கில் உள்ள அத்தனையையும். ஆக ஒக்காமைப் "பெயர்வாதி" என்று சொல்வதே கொஞ்சம் தவறாக வழிகாட்டும். அவருக்குப் பொதுமை முதலில் எண்ணம், பிறகுதான் பெயர்.

எனக்கு இதில் ஒரு குறை படுகிறது. நாயும் நாயும் ஏன் ஒத்திருக்கின்றன, நாயும் மேசையும் ஏன் ஒத்திருக்கவில்லை? ஒக்காம் சொன்ன பதில்: அவை தம்மாலேயே ஒத்திருக்கின்றன, இடையில் மூன்றாவதாக ஒன்று தேவையில்லை. மெய்மைவாதி இதைக் கேட்டுச் சிரிப்பார். "எங்கள் கேள்வியே அதுதானே, ஐயா!" என்பார். அந்தச் சிரிப்பு முழுக்க நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கத்தி என்பது என்ன?

இப்போது கத்திக்கு வருவோம். ஒக்காம் பல இடங்களில் பயன்படுத்திய விதி இது: தேவை இல்லாமல் பலவற்றை ஏற்காதே. குறைவானதைக் கொண்டு செய்ய முடிவதை நிறையக் கொண்டு செய்வது வீண் என்றும் சொல்வார். இரண்டும் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. அவர் எதிர்த்த ஸ்கோட்டஸே பயன்படுத்தியிருக்கிறார். வேர் அரிஸ்டாட்டில் வரை போகும்.

"தேவை" என்பதற்கு ஒக்காமின் கணக்கு என்ன? ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அது தானாகவே விளங்க வேண்டும், அல்லது அனுபவத்தில் தெரிய வேண்டும், அல்லது வேதாகமம் சொல்ல வேண்டும். மூன்றாவதைக் கேட்டால் இன்று கத்தியைத் தூக்குகிறவர்கள் திடுக்கிடுவார்கள். அவர் 14ஆம் நூற்றாண்டுத் துறவி, வேறென்ன சொல்வார்?

இந்த விதி உலகம் எளிமையானது என்று சொல்லவில்லை. குறைவாகச் செய்ய முடிவதைக் கடவுள் நிறையக் கொண்டு செய்வதும் உண்டு என்று ஒக்காமே ஒப்புக்கொண்டார். காரணம் இல்லாமல் ஏற்காதே என்பதுதான் விதி. காரணம் கிடைத்தால் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம். எங்கள் மோட்டாரில் இரண்டாவது கோளாறு இருக்கிறது என்று சொல்ல எலெக்ட்ரீஷியனுக்குக் காரணம் இருந்தது. மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. கத்தி அவரை ஒன்றும் செய்யாது. "ஒன்றுதான் இருக்கும்" என்று அடித்துச் சொன்ன என்னைத்தான் ஏன் என்று கேட்கும்.

பரவலாகச் சொல்லப்படும் அந்த லத்தீன் வாசகம், "பொருள்களைத் தேவையின்றிப் பெருக்கக் கூடாது" என்பது, ஒக்காமின் நூல்களில் இல்லை. ஜான் பஞ்ச் என்ற அயர்லாந்துத் துறவி 1639இல் எழுதிய வடிவத்தை ஒட்டிப் பரவியது அது. பஞ்ச் யாருடைய ஆள் தெரியுமா? ஸ்கோட்டஸ் வழிக்காரர். "சவரக்கத்தி" என்ற பெயரும் ஒக்காம் இறந்து நூற்றாண்டுகள் கழித்து ஒட்டியதுதான்.

சுருக்கிச் சொன்னால்: கத்தி வெட்ட வந்தது அந்த எட்டாவது இட்லியை. எளிய விளக்கம் உண்மை என்பது விதி அல்ல, ஏற்பதற்குக் காரணம் காட்டு என்பதுதான் விதி.

சங்கிலி

1324இல் ஒக்காமின் போதனைகளை விசாரிக்க அவரை இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனுக்கு அழைத்தார்கள். அப்போது போப் அங்கேதான் இருந்தார். வருஷக்கணக்காக விசாரணை இழுத்தது. அதற்குள் வேறொரு தகராறு முற்றிவிட்டது. கிறிஸ்துவும் சீடர்களும் சொத்து எதுவும் வைத்திருக்கவில்லை என்று பிரான்சிஸ்கன்கள் நம்பினார்கள். அப்படிச் சொல்வது திருச்சபைக்கு விரோதம் என்று போப் 22ஆம் ஜான் 1323இல் அறிவித்திருந்தார். ஒக்காம் அறிவிப்பைப் படித்துப் பார்த்து, தவறியவர் போப்தான் என்ற முடிவுக்கு வந்தார். 1328 மே மாதம் ஓர் இரவில், தன் சபைத் தலைவர் மைக்கேலோடு அவிஞ்ஞோனை விட்டு ஓடினார். போப்போடு பகையாக இருந்த பேரரசர் பவேரிய லுட்விக்கின் பாதுகாப்பில் மியூனிக்கில் வாழ்ந்து, 1347இல் அங்கேயே இறந்தார். ஓடிய பிறகு அவர் எழுதியதில் பெரும்பகுதி போப்பின் அதிகாரத்தைப் பற்றியது. பொதுமைகளை அதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்.

வழக்கு அவரோடு முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் "பழைய வழி", "புதிய வழி" என்று இரண்டாகப் பிரிந்தன. அக்வினாஸ், ஸ்கோட்டஸ் பக்கம் பழைய வழி, ஒக்காம் பக்கம் புதியது. 1474இல் பிரான்ஸ் மன்னர் 11ஆம் லூயி பாரிஸில் பெயர்வாதத்தைக் கற்பிக்கத் தடை போட்டார். ஆசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டும். நூலகத்தில் இருந்த ஒக்காம் வகை நூல்களை யாரும் திறக்க முடியாதபடி சங்கிலியால் பூட்டினார்கள். ஏழு ஆண்டுகள் அப்படியே கிடந்தன. 1481இல் தடையை நீக்கிச் சங்கிலியைக் கழற்றினார்கள்.